அன்வரி என்றொரு அந்துப்பூச்சி

“பார்த்ததைச் சொல்லாம விட்டுட்டா, அது பொய்யாகுமா டீச்சர்?”

சீடர் கேட்டார்.

ஆசிரியை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்ன பார்த்தீங்க?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்குறவரு டீயை ஆற விடமாட்டாரு.”

சீடர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே போனார்.

ஆசிரியை அவரைக் கூப்பிடவில்லை.

*

சீடரின் பெயர் தெய்வசிகாமணி. திண்டுக்கல்லில் பல் டாக்டராக இருந்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

ஆசிரியையின் பெயர் நஸீமா. சீடரின் மகளாக இருந்திருக்கக்கூடிய வயது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆசிரியை சீடரை டாக்டர் என்பார். சீடர் ஆசிரியையை டீச்சர் என்பார்.

மணிச்சோலை மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு காலத்தில் ஏலக்காய் காயவைத்த கட்டடம் ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஆசிரியை குடியிருந்தார். மறுபக்கத்தில் அந்துப்பூச்சிகள் குடியிருந்தன. கண்ணாடி மூடிய பெட்டிகளுக்குள், ஊசிமுனைகளில், சிறகு விரித்தபடி.

நடுவில் இருந்த அறை சீடருக்கு.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதை சின்னது.

ஒரு மத்தியானம் கிளினிக்கில் ஒருவருக்குக் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும் கண்ணாடி கண்ணில் மாட்டியிருந்தது. தலைக்கு மேல் இருந்த விளக்கில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. அரிசியில் வருகிற அந்து அளவுதான். ஊதி விரட்டலாம் என்று நிமிர்ந்தார்.

ஊதவில்லை.

பொன் தகட்டின் மேல் யாரோ கருநீலத்தில் இழை இழையாகக் கோலம் போட்டிருந்தார்கள். தகட்டைச் சுற்றிப் பட்டுக் குஞ்சம். குஞ்சத்தின் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளி.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர், “ஆ… ஆ…” என்றார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் டாக்டர்.

அந்த நிமிஷம் முடியவே இல்லை. கிளினிக்கை மகனிடம் கொடுத்தார். விசாரித்து விசாரித்து, ஜீப் ஏறி, இந்த மலைக்கு வந்தார்.

“எதுக்கு வந்தீங்க?” என்று ஆசிரியை கேட்டார்.

“அது என்ன பூச்சின்னு தெரிஞ்சுக்கணும்.”

“தெரிஞ்சதும் போயிடுவீங்களா?”

சீடர் யோசித்தார்.

“தெரியல.”

“அப்ப இருங்க.”

*

முதல் பாடம் மழைக்காலத்தில் நடந்தது.

ஆசிரியை ஒரு செத்த பூச்சியை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். “என்ன நிறம்?”

“நீலம். ஓரத்துல செம்பு மாதிரி.”

ஆசிரியை மெல்லிய தூரிகையால் சிறகை ஒரு முறை வருடினார். தூரிகையின் நுனியில் கொஞ்சம் தூசி ஒட்டியது. “இப்ப?”

சிறகு இருந்தது. நிறம் இல்லை. கண்ணாடித் துண்டு போல அடியில் இருந்த தாள் தெரிந்தது.

“நிறம் தூசியில போயிடுச்சு,” என்றார் சீடர்.

“அப்ப தூசியைப் பாருங்க.”

பார்த்தார். அது தூசி அல்ல, செதில்கள். வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒவ்வொன்றும் வடிவாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் உழுத வயல்போலக் கோடுகள்.

“நீலமா இருக்கா?”

“இருக்கு.”

ஆசிரியை அதன் மேல் ஒரு சொட்டு திரவம் விட்டார். நீலம் அணைந்தது. சாம்பல் நிறத்தில் வெறும் கோடுகள் மட்டும் கிடந்தன. திரவம் காய்ந்தது. நீலம் திரும்பி வந்தது.

சீடர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்ப இந்த நீலம் யாரோடது டீச்சர்? பூச்சியோடதா, வெளிச்சத்தோடதா?”

“பசிக்குது. சாப்பிடப் போலாம்,” என்றார் ஆசிரியை.

*

இரண்டாவது பாடம் பெயர் வைப்பது.

“பல்லைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவேன்,” என்றார் சீடர். “பூச்சிய எதை வெச்சுச் சொல்றது?”

“சிறகைப் பார்த்து ஏமாறாதீங்க. சிறகு மழையில வெளுக்கும், முள்ளுல கிழியும். இங்க பாருங்க.”

வயிற்றின் கடைசி நுனியை ஊசியால் தொட்டுக் காட்டினார். ஆண் பூச்சிக்கு அங்கே ஒரு கொக்கி இருக்கும். பெண் பூச்சிக்கு அந்தக் கொக்கிக்கு ஏற்ற ஒரு பள்ளம் இருக்கும். ஓர் இனத்தின் கொக்கி வேறோர் இனத்தின் பள்ளத்தில் பெரும்பாலும் பொருந்தாது. வெளியே ஒன்றுபோல இருக்கிற பூச்சிகள் அங்கே வேறு வேறாக இருக்கும். வெளியே வேறு வேறாக இருப்பவை அங்கே உறவாக இருக்கும்.

சீடரின் கை இதற்கென்றே பழகிய கை. பல்வேரின் துவாரத்துக்குள் ஊசி விட்ட கை. சீக்கிரமே ஆசிரியையைவிடச் சுத்தமாக அந்தக் கொக்கிகளைப் பிரித்தெடுத்தார்.

“முதல்ல யார் பேர் வெச்சாங்களோ, அந்தப் பேர்தான் நிக்கும்,” என்றார் ஆசிரியை. “பின்னால வேற யாராவது அதே பூச்சிக்கு வேற பேர் வெச்சா, அது செத்த பேர்.”

“முதல்ல வெச்ச பேர் அசிங்கமா இருந்தா?”

“இருந்தாலும்.”

ஆசிரியை சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பூச்சியின் படம். பழுப்பாக இருந்தது. உணர்கொம்புகள் ஒடிந்திருந்தன. செதில் எல்லாம் உதிர்ந்து சிறகு பழந்துணிபோல இருந்தது. அதன் கொக்கியைத் தனியாக, பெரிதாகப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

“இதே மலையில பிடிச்சது. பெட்டியில போட்டுக் கப்பல்ல அனுப்பியிருக்காங்க. அங்க ஒருத்தர் திறந்து பார்த்திருக்காரு. விலிஸ்னு பேர் வெச்சாரு. லத்தீன்ல அற்பம்னு அர்த்தம்.”

“அதுக்கப்புறம் யாரும் பார்க்கலையா?”

“இந்த ஒரு ஆண்தான். வேற யாருக்கும் கிடைக்கல. எனக்கும் கிடைக்கல.”

*

இன்னொரு படம் ஆசிரியையின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது.

அந்தப் பூச்சி வெளிர் மஞ்சள். புது நெல்லின் நிறம். உடலும் ஒரு நெல் அளவுதான். சிறகின் குறுக்கே மெல்லிய வெண்கோடு. குட்டையான, தடித்த உணர்கொம்புகள்.

“இது என்ன டீச்சர்?”

“அன்வரி.”

“அழகான பேரா இருக்கு. யார் வெச்சது?”

“நான்தான்.”

கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “அன்வர் என் தம்பி,” என்றார்.

அன்வர் கல்லூரி விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்தான். அக்காவுக்கு வலை தூக்கினான், சமைத்தான், பாட்டுப் பாடினான். மேலே உச்சிப் பாறைப் பக்கம் ஒரு காலையில் இந்தப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதுவரை யாரும் பார்க்காத பூச்சி. அன்று பிற்பகல் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்க ஜீப்பில் கீழே போனான். மழை. மலையின் ஒரு பக்கம் பாதையோடு சேர்ந்து சரிந்தது.

ஜீப் கிடைத்தது. அன்வர் கிடைக்கவில்லை.

“அவனை அடக்கம் பண்ண முடியல. அவனுக்கு கப்ரு கிடையாது,” என்றார் ஆசிரியை. “எங்க அம்மா வருஷா வருஷம் எங்க போய் நின்னு துஆ செய்யறதுன்னு கேப்பாங்க. நான் இந்தப் படத்தை ஒண்ணு பெருசு பண்ணிக் கொடுத்தேன். உத்தமபாளையத்துல எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு.”

சீடர் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார்.

“அவன் பிடிச்சது பெண் பூச்சி,” என்றார் ஆசிரியை, வேறு குரலில். “அப்புறம் சிலது கிடைச்சுது. எல்லாமே பெண். ஆண் எப்படி இருக்கும்னு இன்னும் தெரியாது.”

*

அடுத்த பருவத்தில் சீடர் ஓர் அன்வரியை உயிரோடு பிடித்தார்.

பாசி படிந்த அடிமரத்தில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் குழாயை மேலே வைத்ததும் தானாக உள்ளே நடந்து வந்தது.

அதைப் பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டார். பக்கத்தில் பூத்திருந்த காட்டுச் செடியில், ஏற்கெனவே துணி கட்டி மூடிவைத்திருந்த மொட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அது ஒவ்வொரு மொட்டாக ஏறிப் பார்த்தது. பிறகு வயிற்று நுனியால் ஒரு மொட்டைத் துளைத்தது. பல் டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். இவ்வளவு மெல்லிய ஊசியை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

முட்டைகள் மொட்டுக்குள் போயின. தாய்ப்பூச்சி செத்தது.

புழுக்கள் வந்தன. கொஞ்ச நாள் பூவுக்குள் தின்றன. பிறகு கீழே விழுந்தன. ஒவ்வொன்றும் சருகில் இரண்டு துண்டு வெட்டி, ஓரத்தைப் பட்டு நூலால் தைத்து, நடுவில் தான் புகுந்துகொண்டது. அந்தச் சட்டையை இழுத்துக்கொண்டே ஊர்ந்தன. வளர வளரப் பெரிய துண்டு வெட்டிப் புதுச் சட்டை தைத்தன.

“யார் டீச்சர் இதுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது?”

“நீங்க மூச்சு விட யார் சொல்லிக்கொடுத்தாங்க?”

சீடர் அன்று முழுவதும் தான் மூச்சுவிடுவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

மழை போனது. பனி போனது. சருகுச் சட்டைகள் அசையாமல் கிடந்தன. ஆசிரியை ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் அவை திறந்தன.

முதலில் வெளிர் மஞ்சளில் ஒன்று. அன்வரி.

அடுத்து இன்னொன்று. அதுவும் அன்வரி.

மறுநாள் காலையில் ஜாடிக்குள் வேறு எதுவோ இருந்தது.

கறுப்பு. ஆனால் கறுப்பு இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பினால் ஊதா. இன்னும் கொஞ்சம் திருப்பினால் பழுத்த செம்பு. சிறகின் குறுக்கே உருக்கிய ஈயத்தை ஊற்றியதுபோல ஒரு கோடு. தலையில் காவி நிற முடி. அந்தத் தலையிலிருந்து இரண்டு வெண்மையான உணர்கொம்புகள் புறப்பட்டு, உடலைத் தாண்டி, இன்னும் அந்த உடலைப்போலப் பல மடங்கு தூரம் போய், எங்கே முடிகிறது என்று தெரியாமல் காற்றில் கரைந்திருந்தன.

சீடர் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தார். தவறி உடைத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வேறு புழு எப்படியோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு இன்னொரு கறுப்பு வந்தது. பிறகு ஒரு மஞ்சள். மறுபடி கறுப்பு. கறுப்பு எல்லாம் ஆண். மஞ்சள் எல்லாம் பெண்.

ஒரே தாயின் பிள்ளைகள்.

செத்த ஒரு கறுப்பை எடுத்து, கொக்கியைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார்.

அந்தக் கொக்கியை அவர் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறார்.

தலையைத் திருப்பினார். சுவரில் அது இருந்தது. உணர்கொம்பு ஒடிந்த, செதில் உதிர்ந்த, பழந்துணி.

விலிஸ்.

*

அன்று சீடர் சாப்பிடவில்லை.

அன்வரி தனி இனம் அல்ல. விலிஸின் பெண். விலிஸ் முதலில் வைத்த பெயர். அதுதான் நிற்கும்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனார். மூடியைத் திறந்தார். எல்லாம் பறந்து போகட்டும். சருகுகளை அடுப்பில் போட்டுவிடலாம். புழு வளரவில்லை, செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். டீச்சர் நம்புவார்.

இரண்டொரு பூச்சிகள் பறந்தன.

ஒரு கறுப்பு மட்டும் ஜாடியின் விளிம்பில் ஏறி நின்றது. உணர்கொம்புகளை முன்னங்காலால் பிடித்து, முனைவரை உருவிச் சுத்தம் செய்தது. அவசரமே இல்லை அதற்கு. முழுதும் உருவி முடித்துவிட்டு மறுபடியும் ஜாடிக்குள்ளேயே இறங்கியது.

சீடர் மூடியை மூடினார்.

ஆசிரியை ஊரிலிருந்து வந்ததும்தான் சீடர் ‘பொய்யாகுமா’ என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு வெளியே போய், ஏலக்காய் காயவைத்த சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியையே அங்கே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டாக்டர், ஜாடி எங்க?”

சீடர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“புழு செத்துடுச்சுன்னா நீங்க அழுதிருப்பீங்க. வளர்ந்திருந்தா வாசல்லயே நின்னு கத்தியிருப்பீங்க. ரெண்டும் இல்ல. அதான் கேக்குறேன்.”

சீடர் எழுந்து போய் ஜாடியைக் கொண்டுவந்து ஆசிரியையின் மடியில் வைத்தார்.

ஆசிரியை அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். மஞ்சள் ஒன்று. கறுப்பு ஒன்று. ஜாடியைச் சுற்றினார். ஊதா எரிந்து செம்பாகி மறுபடி ஊதாவானது.

“முட்டை எல்லாம் ஒரே தாயா?”

“ஒரே தாய்.”

“செடியில வேற முட்டை இருந்திருக்கலாம்.”

“மொட்டைப் பறிக்கிறதுக்கு முன்னாடியே துணி கட்டிவெச்சிருந்தேன் டீச்சர். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே.”

“கொக்கி?”

சீடர் தான் பிரித்துவைத்திருந்த கொக்கியை எடுத்துவந்து கொடுத்தார்.

ஆசிரியை எழுந்து உள்ளே போனார். நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். நுண்ணோக்கியைப் பார்த்தார். செத்துக் கிடந்த வேறொரு கறுப்பை எடுத்து, தானே பிரித்துப் பார்த்தார். அவர் ஊசி இரண்டு தடவை வழுக்கியது. சீடர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சரியா பார்த்திருக்கீங்க,” என்றார்.

விளக்கை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சீடர் தன் பெட்டியை எடுத்து வேட்டி சட்டைகளை அடுக்கினார். காலையில் ஜீப் வரும். ஏறிவிடலாம் என்று நினைத்தார்.

*

காலையில் ஆசிரியை வாசலில் நின்றிருந்தார். தலையில் மப்ளர். காலில் அட்டை ஏறாமல் இருக்க நீண்ட காலுறை. கையில் வலை.

“வாங்க டாக்டர்.”

“எங்க டீச்சர்?”

“உச்சிப் பாறைக்கு. ஜாடியில பொறந்ததை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. வெளியில அதுங்க ஜோடி சேருதான்னு பாக்கணும்.”

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சீடர் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினார்.

ஏறினார்கள். பாதை என்று ஒன்று இருந்த இடத்தில் புதர் மண்டியிருந்தது. இத்தனை வருடம் மலையில் இருந்தும் ஆசிரியை இந்தப் பக்கம் ஏறியதே இல்லை என்பது சீடருக்கு அப்போதுதான் புரிந்தது. மற்ற எல்லாத் திசைக்கும் அவருக்குப் பாதை உண்டு.

உச்சிப் பாறையில் பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. இருவரும் ஈரப் பாறையில் உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணும் இல்லையே டீச்சர்.”

“இருங்க.”

மூட்டம் மெல்லக் கிழிந்தது. பாறையின் ஓரத்தில் ஒரு பெரிய மரம் வெளியே வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ அங்கேயே வரைந்துகொண்டிருப்பதுபோல. அதன் உச்சிக்கிளையில் வெயிலின் முதல் விரல் பட்டது.

அங்கே ஒரு பொறி எழுந்தது.

சீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு பொறி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எழுந்த இடத்திலேயே மேலே ஏறின, சட்டென்று கீழே இறங்கின, மறுபடி ஏறின. வெயில் கிளை கிளையாக இறங்க இறங்க, பொறிகளும் கூடவே இறங்கின. ஊதா. செம்பு. மறுபடி ஊதா. ஒவ்வொன்றும் இரண்டு வெண்ணிற நூல்களை மேலே தூக்கிப் பிடித்திருந்தது. காற்றில் யாரோ தறி போட்டு, பாவு நூல் மட்டும் தனியே ஆடுவதுபோல இருந்தது. சத்தமே இல்லை. இத்தனை ஆட்டத்துக்கும் ஒரு சருகு அசையும் சத்தம்கூட இல்லை.

மரம் முழுக்க எரிந்தது. எந்த இலையும் கருகவில்லை.

சீடருக்கு உட்காரத் தோன்றவில்லை. எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

“விலிஸ்,” என்றார் ஆசிரியை. அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அற்பமாம்!”

அப்போது அடிமரத்தின் பாசியிலிருந்து புது நெல்லின் நிறத்தில் ஒன்று புறப்பட்டது.

நேராகப் பறக்கவில்லை. தயங்கித் தயங்கி ஏறியது. ஆடிக்கொண்டிருந்த பொறிகளின் நடுவில் போனது. நூல்கள் எல்லாம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒரு பொறி கூட்டத்தை விட்டது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, உதிரும் பூவைப்போலச் சுழன்று சுழன்று கீழே வந்து, சீடரின் முழங்கால் உயரத்தில் ஒரு பெரணி இலையில் உட்கார்ந்தன.

கொக்கி பள்ளத்தில் பொருந்தியது.

“வலையை வாங்குங்க டாக்டர்,” என்றார் ஆசிரியை மெதுவாக. “ஜோடி உங்க பக்கத்துல இருக்கு.”

சீடர் வலையை வாங்கினார். கை எழவில்லை.

இந்த ஜோடி குழாய்க்குள் வந்தால் முடிந்தது. அன்வரி செத்த பெயர். எழுதுகிறவர்கள் இனி அடியில் சின்ன எழுத்தில் ஒரு முறை குறிப்பிடுவார்கள். பிறகு அதுவும் இருக்காது. உத்தமபாளையத்துக் கூடத்தில் ஓர் அம்மா பெயரில்லாத பூச்சியின் முன்னால் நின்று துஆ செய்வார்.

“வேணாம் டீச்சர்,” என்றார்.

ஆசிரியை எழுந்து வந்தார். வலையைத் தொடவில்லை. இடுப்புப் பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்தார். இலையின் முன்னால் மண்டியிட்டார். இந்தத் தடவை அவர் கை தவறவில்லை. குழாயை மேலே கவிழ்த்து, அடியில் விரலை வைத்து, மெல்ல நிமிர்த்தினார். ஜோடி பிரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே உள்ளே வந்திருந்தன.

சீடரும் அவர் பக்கத்தில் மண்டியிட்டார்.

“விட்டுடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போகுது? நான் சாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். உங்க தம்பிக்குன்னு இந்த உலகத்துல இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான்.”

ஆசிரியை குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஊதா விழுந்தது. செம்பு விழுந்தது.

“அன்னிக்குக் காலையில இங்கிருந்து ஓடி வந்தான்,” என்றார். “மூச்சு வாங்குது. பேச்சு பாதிதான் வருது. சட்டையில ஒட்டியிருந்த மஞ்சள் பூச்சியை எடுத்து என் கையில குடுத்தான். நான் அதையே பார்த்துட்டிருந்தேன். அவன் என் கையைப் பிடிச்சு இழுத்தான். இதைக் குத்தி வெச்சுட்டு நாளைக்கு வரேன்டான்னு சொன்னேன்.”

மரத்தில் பொறிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“இதுதான் டாக்டர். இதைத்தான் அவன் பார்த்திருக்கான்.”

“அதுக்காகத்தான் சொல்றேன். அந்தப் பேராவது இருக்கட்டும்.”

ஆசிரியை குழாயின் வாயை அடைத்துச் சீடரின் கையில் வைத்தார். விரல்களைத் தானே மடக்கி மூடினார். பிறகு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என் பேரை வையின்னா கேட்டான்? ‘அக்கா, மேல வந்து பாரு’ன்னுதானே கேட்டான்.”